அமுங்கும் பொத்தான்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு வரிசையில் நின்றோம். பயணிகள் பெயர்ப்பட்டியல் எழுதி முடியாமல் படகு அசையாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

"பவுடர் பூசினால் வயது குறையுமோ?" என்று எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார். பேச்சு முகத்தைப் பற்றியதல்ல. சிறு கணினி நிரல்களுக்குத் திரையில் பெட்டியும் பொத்தானும் வரைந்து கொடுக்கும் பழைய மென்பொருள் ஒன்றை அவள் பராமரிக்கிறாள். அதற்குப் புதுத் தோற்றம் கொடுத்திருக்கிறாள். அவர் நெடுந்தீவு வாசிகசாலைக்கு நிரல் எழுதுபவர்.

"பழசெண்டு எல்லாரும் விட்டிட்டுப் போறாங்கள் அண்ணை. நீங்களும் போனனீங்கள்."

"ஓம், போனனான். நான் மாறின புது மென்பொருளில பொத்தான் தட்டையாக் கிடக்கு. அமத்தினது தெரியாமல் வாசிகசாலை அக்கா மூண்டு தரம் அமத்திப்போட்டா. ஒரு புத்தகத்தை ஒராளுக்கு மூண்டு தரம் இரவல் குடுத்ததாப் பதிஞ்சு கிடக்கு."

"அப்ப எங்கடையதுக்குத் திரும்பி வாங்கோவன்."

"உங்கடையதைத் திரும்பப் போடத்தான் இண்டைக்குப் போறன். உங்கடை பொத்தான் அமத்தினால் உள்ளை போகும். அமத்தினது விளங்க அக்காவுக்கு அது காணும்."

அவள் பட்டியலில் தன் பெயரை எழுதி முடித்தாள்.

"புதுப் பதிப்பில பொத்தான் உள்ளை போறதை எடுத்திட்டம் அண்ணை. பழசாத் தெரியுதெண்டு முறைப்பாடு வந்தது."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். விட்டிட்டுப் போகேக்கை எழுதினனீங்கள்."