பினாங்கிலிருந்து வந்த இசைத்தட்டு

சொர்ணவல்லி: ...தாலி கட்டுற நேரம் பார்த்து நாயனத் தட்டு முடிஞ்சுபோச்சு. ஊசி கர்ர்ர்... கர்ர்ர்னு சுத்துது. எங்க வீட்டுக்காரர் தட்டைத் திருப்பிப் போடறதுக்குள்ள மாப்பிள்ளை மூணு முடிச்சும் போட்டு எந்திரிச்சுட்டான்!

ரம்லத்: அப்ப கெட்டிமேளமே இல்லையாக்கா?

சொர்ணவல்லி: அந்தக் கர்ர்ர்தான் கெட்டிமேளம். பொண்ணோட தாய்மாமன் நேரா மைக்செட்டு மேசைக்கே வந்துட்டாரு. "ஏன்யா வெள்ளைச்சாமி, கண்ணு எங்கய்யா இருக்கு ஒனக்கு?"ன்னு ஒரே சத்தம். இவரு அசரலையே. "அண்ணே, தட்டுக்கு மூணே நிமிசந்தான். அய்யரு மந்திரம்தான் நீளம்"னுட்டாரு.

ரம்லத்: ஐயோ... போதுங்க்கா, வயிறு வலிக்குது.

சாரா உம்மாள்: ரம்லத்து... யாரு வந்துருக்கறது?

ரம்லத்: சொர்ணக்கா, மாமி! இன்னைக்கு வெசாழக்கெழமையில்ல! நீங்க தூங்குங்க.

சாரா உம்மாள்: காப்பி குடுத்தியா அதுக்கு?

ரம்லத்: குடுத்துட்டேன் மாமி!... மெதுவாப் பேசுவோங்க்கா. உள்ள கொஞ்சம் கண்ணசருற நேரம்.

சொர்ணவல்லி: ஒன் மாமியாளுக்குப் பாம்புக் காது புள்ள. சரி, இந்த வாரம் நான் கேட்ட ரெண்டாவது தட்டு... சிரிப்புத் தட்டு. புருசன் பொண்டாட்டி சண்டை. ரெண்டு பக்கமும் சண்டைதான். எங்க தெருவுல ஓசியிலயே கேக்கலாம். அதைக் கம்பெனிக்காரன் தட்டாப் போட்டு விக்கிறான்.

ரம்லத்: மூணாவது?

சொர்ணவல்லி: பழைய நாடகப் பாட்டு. கொரலு என்ன கொரலுங்கற... தேன்தான். ஆனா தட்டுல கீறல். "நாதா"ன்னு ஆரம்பிச்சவ, "நாதா... நாதா... நாதா"ன்னு அங்கனயே நின்னுக்கிட்டா. அந்த நாதன் நேருல வந்தாத்தான் நகருவா போலன்னு பந்தல்ல ஒருத்தன் கத்துறான்.

ரம்லத்: ஹூம்... ஒங்களுக்கென்னக்கா. கட்டுனவரே மைக்செட்டுக்காரர். இன்னைக்குத் திருமயம், நாளைக்குத் திருவரங்குளம்னு கல்யாணம் காதுகுத்தெல்லாம் போய்க் கேட்டுட்டு வாறீங்க.

சொர்ணவல்லி: ஒனக்கென்ன கொறைச்சல்? ஒன் வீட்டுக்காரர் ஜைனுதீன் தம்பி பினாங்குலேருந்து கிராமபோன் பாட்டுப் பொட்டியே அனுப்பி வச்சிருக்கு. அந்தச் சீமைத் தட்டெல்லாம் இந்தப் பொன்னமராவதியில வேற யாரு வீட்டுல இருக்கு? ம்... என் மூணு முடிஞ்சுச்சு. ஒன் மொறை. இந்த வாரம் என்ன கேட்ட?

ரம்லத்: ஒண்ணே ஒண்ணுதாங்க்கா.

சொர்ணவல்லி: ஒண்ணுன்னாலும் ஒன்னோடது ஒசத்தி. பாடு.

ரம்லத்: அது... கப்பல் பாட்டு.
"காயிதம் வந்துச்சு, எழுத்தெல்லாம் நல்லாருக்கு,
ஓரத்துல மட்டும் ஒரு பொட்டு ஈரம்.
கடல் தண்ணியா அது, கண்ணுத் தண்ணியா,
கப்பலே நீ சொல்லு..."

சொர்ணவல்லி: கடைசி அடியை இன்னொரு தடவை சொல்லு.

ரம்லத்: "கப்பலே நீ சொல்லு..." ஏங்க்கா, நல்லால்லையா?

சொர்ணவல்லி: நல்லாருக்கு. யாரு பாடுனது?

ரம்லத்: பேரு... தெரியல. தட்டு நடுவுல பேரு போட்டு ஒட்டுன காகிதத்துல ஊசி கீறி அழிஞ்சுபோச்சு.

சொர்ணவல்லி: ஊசி எப்படிடி நடுக் காகிதத்துக்குப் போகும்? அதுக்கு முன்னாலயே நின்னுருமே.

ரம்லத்: கப்பல்ல வரும்போது ஒரசியிருக்கும். அதைத்தான் சொன்னேன்.

சொர்ணவல்லி: காகிதம் என்ன நெறம்?

ரம்லத்: பச்சை.

சொர்ணவல்லி: மாசி மாசத்துல வந்தது பச்சை. போன வாரத்துது ஊதான்னே. எல்லாம் ஒரே கம்பெனின்னும் சொன்னே...

ரம்லத்: எனக்கென்னக்கா தெரியும், கம்பெனிக்காரன் நெறத்தை மாத்திருப்பான்! இன்னுங் கொஞ்சம் காப்பி ஊத்தவா?

சொர்ணவல்லி: காப்பி இருக்கட்டும். நான் இன்னைக்கு ஒரு காரியமா வந்துருக்கேன்.

ரம்லத்: என்ன காரியம்?

சொர்ணவல்லி: ரெண்டு மாசம் முன்னாடி மழைப் பாட்டு ஒண்ணு சொன்னியே...
"கண்மாய்க் கரையில காத்து நடக்குது,
கால் சத்தம் கேக்கலே.
வாசக் கதவை யாரோ தொடுறாக,
வந்தது மழைதானே..."

ரம்லத்: ஆமா. கடைசியில "வந்தது நீதானே"ன்னு முடியும்.

சொர்ணவல்லி: அதேதான். அது என் வாயிலேருந்து கெணத்தடிக்குப் போயி, கெணத்தடியிலேருந்து நடவு வயலுக்குப் போயிருச்சு. இப்ப திருமயம் வரைக்கும் போயாச்சு. அங்க எங்ககிட்ட மைக்செட்டு சொல்லியிருக்கற பெரியண்ணன் மகள் அழகிக்கு வர்ற ஞாயித்துக்கெழமை கல்யாணம். மாப்பிள்ளை வந்து எறங்குறப்ப அந்தப் பாட்டுதான் மைக்செட்டுக் கொழாயில கேக்கணும்னு அந்தப் புள்ள ஒத்தக் கால்ல நிக்கிது.

ரம்லத்: அல்லாவே... அந்தப் பாட்டா?

சொர்ணவல்லி: எங்க வீட்டுக்காரரும் "நம்ம ரம்லத் பீவி வீட்டுல தட்டு இருக்கு, வாங்கிப் போட்டுருவோம்"னு வாக்குக் குடுத்துட்டாரு. ஒரு நாளைக்குக் குடு புள்ள. துணியில சுத்தி, மடியிலயே வச்சுக் கொண்டுபோயி, மடியிலயே கொண்டாந்துருவேன்.

ரம்லத்: அது... தட்டு பொட்டிக்குள்ள இருக்குக்கா.

சொர்ணவல்லி: பொட்டியைத் தொற.

ரம்லத்: சாவி மாமிகிட்ட.

சொர்ணவல்லி: பாட்டுப் பொட்டிக்குப் பூட்டா? முடுக்குற சாவிதானடி இருக்கும்?

ரம்லத்: தட்டு வைக்கிற பொட்டியச் சொல்றேன். மாமி இப்பத்தான் தூங்குறாக...

சொர்ணவல்லி: முழிக்கிற வரைக்கும் இருக்கேன். அஞ்சு மணிக்குத்தான் எனக்கு வேலை.

ரம்லத்: அதுல ஒரு ஓரம் ஒடைஞ்சு போச்சுக்கா. போட்டா ஊசி ஏறாது.

சொர்ணவல்லி: பரவால்ல, எங்க வீட்டுக்காரர் ஒட்டுத் தட்டையே ஓட்டுவாரு. காட்டு, எம்புட்டு ஒடைஞ்சிருக்குன்னு பார்ப்போம்.

ரம்லத்: அக்கா...

சொர்ணவல்லி: சொல்லு.

ரம்லத்: இப்பக் கேக்காதீங்கக்கா. அடுத்த வாரம்...

சொர்ணவல்லி: அடுத்த வாரம் அழகி மறுவீடு போயிருப்பா. ஏண்டி மொகத்தத் திருப்புற? ஏய்... அழுகுறியா?

ரம்லத்: தட்டு இல்லக்கா.

சொர்ணவல்லி: யாருக்காச்சும் குடுத்துட்டியா?

ரம்லத்: இல்லவே இல்ல. அப்படி ஒரு தட்டே கெடையாது. மழைப் பாட்டுக்கும் இல்ல, கப்பல் பாட்டுக்கும் இல்ல. பாட்டுப் பொட்டி ஒடைஞ்சு நாலு மாசம் ஆச்சு. முடுக்குனா கரகரன்னு சும்மா சுத்துது, உள்ள சுருள் வில்லு அந்துபோச்சு. கடைசியா முடுக்குனது நாந்தான். கூட ஒரு சுத்து சுத்திட்டேன் போல. மாமிகிட்டச் சொல்ல வாய் வரல... மகன் அனுப்புன பொருளு, தெனம் துடைச்சு வைப்பாக. ஒங்ககிட்டயும் சொல்லல.

சொர்ணவல்லி: அப்ப நாலு மாசமா வாரா வாரம் பாடுனதெல்லாம்?

ரம்லத்: மொத வாரம் நீங்க மூணு தட்டைச் சொல்லிட்டு "ஒன் மொறை"ன்னீங்க. ஒண்ணுமில்லேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பாட்டா ஒரு அடி வந்து விழுந்துருச்சு. "அப்பறம்?"னு கேட்டீங்க. இன்னொரு அடியும் வந்துச்சு. அடுத்த வாரம் மிச்சத்தைக் கேப்பீங்களேன்னு, தையல் மிசினை ஓட்டிக்கிட்டே நெனைச்சு நெனைச்சு... அப்படியே ஆகிப்போச்சுக்கா.

சொர்ணவல்லி: ஏண்டி, பொட்டி ஒடைஞ்சிருச்சுன்னு சொன்னா நான் என்ன ஒன்னையக் கடிச்சா தின்னுருவேன்?

ரம்லத்: பாட்டுக் கேக்கத்தான வாறீங்க? பொட்டி இல்லேன்னா நீங்க எதுக்கு இங்கிட்டு வரப்போறீங்க?

சொர்ணவல்லி: அடி கிறுக்கி... மைக்செட்டுக்காரன் பொண்டாட்டிடி நான். காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் வீட்டுல கொழாய் அலறுது. பாட்டுக் கேக்கவா பஸ் ஸ்டாண்டுலேருந்து வேகாத வெயில்ல ஒன் வீடு வரைக்கும் நடந்து வருவேன்?

ரம்லத்: பின்ன?

சொர்ணவல்லி: பின்ன என்ன பின்ன! ஒன்கிட்டப் பேச வாரேன். எங்க வீட்டுக்காரர் தட்டோட வாழறாரே தவிர என்கூடவா பேசுறாரு... மூக்கைத் தொடை.

ரம்லத்: அந்த அழகி புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுக்கா? ஒங்க வீட்டுக்காரர் வேற வாக்குக் குடுத்துட்டாரே. கோவிச்சுக்குவாரா?

சொர்ணவல்லி: அவருக்குத் தெரியும்.

ரம்லத்: என்ன தெரியும்?

சொர்ணவல்லி: தட்டு இல்லேன்னு. எனக்கும் தெரியும்.

ரம்லத்: அக்கா!

சொர்ணவல்லி: கத்தாதே, மாமி முழிச்சுக்கும். நீ அந்த மழைப் பாட்டைப் பாடுன மறுநாளே இவரை விட்டுத் திருச்சிக் கடைக்குக் கார்டு போடச் சொன்னேன், ஒரு தட்டு வாங்கணும்னு. அப்படி ஒரு பாட்டு பினாங்குலயும் இல்ல, மெட்ராசுலயும் இல்லேன்னு பதில் வந்துச்சு. அப்பத்தான் வெளங்குச்சு.

ரம்லத்: ரெண்டு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டா காகிதம் என்ன நெறம்னு கேட்டீங்க?

சொர்ணவல்லி: நீ முழிக்கிற முழி அழகாருக்கும்டி. மொதல்ல எனக்குக் கோவந்தான். நான் நெசமாக் கேட்டதச் சொல்றேன், இவ பொய்யில்ல சொல்றான்னு. இனிமே போகக் கூடாதுன்னு வச்சுக்கிட்டேன். மறுநா கெணத்துல தண்ணி எறைக்கிறேன்... வாயில என்ன பாட்டு ஓடுதுன்னு பார்த்தா, ஒன்னோடது. வீட்டுல எரநூறு தட்டு இருக்கு, அதுல ஒண்ணுகூட வரல.

ரம்லத்: அப்பவே சொல்லியிருக்கலாம்ல...

சொர்ணவல்லி: சொன்னா நிறுத்திருவே. "தட்டுல கேட்டேன்"னு சொன்னாத்தான் ஒனக்குத் தொண்டை தொறக்குது. நீ கட்டுன பாட்டைப் பாடுன்னா பாடுவியா?

ரம்லத்: மாட்டேன்.

சொர்ணவல்லி: பார்த்தியா. ஆனா ஞாயித்துக்கெழமை பாடணும். எங்க வீட்டுக்காரர் வாக்குக் குடுத்ததே ஒன் கொரலை நம்பித்தான்.

ரம்லத்: எங்க?

சொர்ணவல்லி: திருமயத்துல. மைக்குல. பொண்ணோட அறையில ஒன்னைய உக்கார வச்சு, கதவைச் சாத்திருவோம். அழகியும் நானும் மட்டுந்தான் உள்ள. பந்தல்ல இருக்கறவுகளுக்குக் கொழாய்ச் சத்தம்தான் கேக்கும். தட்டுன்னுதான் நெனைப்பாக. வேணும்னா ஆரம்பத்துல நான் கர்ர்ர்னு ஊசிச் சத்தம் போடறேன்.

ரம்லத்: வெளையாடாதீங்கக்கா. நான் மைக்கைப் புடிச்சதே இல்ல.

சொர்ணவல்லி: அதனாலென்ன? மைக்கை நான் புடிச்சுக்கறேன்.

ரம்லத்: மாமிகிட்ட யாரு கேக்கறது? பாட்டுன்னா, எந்தப் பாட்டும்பாக. எப்பப் படிச்சேம்பாக. பொட்டி சமாச்சாரம் வெளிய வந்துரும். முடியாது... சொல்லிருங்க, தட்டு ஒடைஞ்சுபோச்சுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்க.

சாரா உம்மாள்: எதுக்குச் சொல்லணும்?

ரம்லத்: மாமி! எப்ப எந்திரிச்சு வந்தீங்க?

சாரா உம்மாள்: படுத்தாத்தான எந்திரிக்க. வெசாழக்கெழமை மத்தியானம் நான் என்னைக்குத் தூங்கியிருக்கேன்? கதவுக்குப் பின்னாலதான் உக்காந்துருக்கேன்.

சொர்ணவல்லி: ஆத்தாடி... எத்தனை வாரமா?

சாரா உம்மாள்: நீ வர ஆரம்பிச்ச நாள்லேருந்து. அந்த நாதன் கதையெல்லாம் கேட்டு வாயில சீலையை அடைச்சுக்கிட்டுத்தான் சிரிச்சேன். ரம்லத்து, அந்த மழைப் பாட்டுல "தொடுறாக"ங்கற எடத்துல இழுக்காதே. நறுக்குன்னு விடு. அங்கன இழுத்தா, மழை வர்றது முன்கூட்டியே தெரிஞ்சுபோகுது.

ரம்லத்: மாமி... நீங்க கோவப்படலையா?

சாரா உம்மாள்: மகன் அங்கிட்டு, நீ இங்கிட்டு. வீட்டுல ஒரு கொரலு கேக்குதேன்னு இருக்கேன். கோவம் எதுக்கு? போய்ப் பாடிட்டு வா. கதவைச் சாத்திக்கிட்டுப் பாடு. நானும் கூட வந்து ஒன் பக்கத்துல உக்காந்துக்கறேன். எத்தனை மணி பஸ்ஸு, சொர்ணம்?

சொர்ணவல்லி: காலையில ஆறரைக்குங்க. நான் எடம் போட்டு வைக்கிறேன்.

ரம்லத்: மாமி, ஒண்ணு சொல்லணும். நீங்க கேட்டுருப்பீங்க, இருந்தாலும் நானே சொல்லிர்றேன். பாட்டுப் பொட்டியை நாந்தான்...

சாரா உம்மாள்: நீ இல்ல.

ரம்லத்: நாந்தான் மாமி. கடைசியா முடுக்குனது...

சாரா உம்மாள்: நீ முடுக்குறதுக்கு முந்தி முடுக்குனது நானு. நீ துணி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தே. வீடு வெறிச்சுன்னு கெடந்துச்சு. மகன் அனுப்புன புல்லாங்குழல் தட்டை ஒரு தடவை தனியாக் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எத்தனை சுத்து சுத்தணும்னு தெரியல, கை ஓயிற மட்டும் சுத்துனேன். உள்ள "டக்"குன்னுச்சு. மேல துணியைப் போட்டு மூடிட்டு வந்து படுத்துக்கிட்டேன்... அவனுக்குக் காயிதம் எழுதும்போது மட்டும் இதை எழுதிராதே, தாயி.