கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு வெச்சுக்கோ

தம்பி: ...அதனால, நம்ம கடை கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு வெச்சுக்கோ.

அக்கா: எங்க போயிடுச்சு?

தம்பி: எங்கேயும் போகலக்கா. செத்துப் போச்சுன்னு வெச்சுக்கோ. சும்மா, ஒரு ஒத்திகை.

அக்கா: தையக்கடையைத் திறந்து விளக்குகூட இன்னும் போடல. அதுக்குள்ள சாவுப் பேச்சா?

தம்பி: போன வாரம் சிறு வியாபாரிங்க கூட்டத்துக்குப் போனேன்ல, அங்க சொன்னாங்க. ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே வந்த மாதிரி நடிச்சுப் பார்த்துடணுமாம்.

அக்கா: அந்தக் கூட்டத்துல இருந்து நீ ஓசிப் பையும் பேனாவும்தானே கொண்டு வந்தே?

தம்பி: அறிவும் கொண்டு வந்தேன்.

அக்கா: பையைத் தொறந்து பார்த்தேன். அது மட்டும் இல்லையே.

தம்பி: கிண்டல் பண்ணாதே. இந்தத் தாளைப் பாரு. முதல் கேள்வி. 'கம்ப்யூட்டர் வேலை செய்யாவிட்டால் முதலில் யாரைத் தொடர்பு கொள்வீர்கள்?'

அக்கா: உன்னை.

தம்பி: நான் இல்லைன்னா?

அக்கா: நீ எங்க போனே?

தம்பி: லாரியில அடிபட்டுட்டேன்னு வெச்சுக்கோ.

அக்கா: சீ, வாயைக் கழுவு! ...எந்தக் கால்ல அடி?

தம்பி: அதுவா இப்ப முக்கியம்?

அக்கா: மெஷின் மிதிக்கிற கால்னா முக்கியம்தான். முப்பத்தெட்டு நர்சுங்களுக்கு யூனிஃபார்ம் யாரு தைக்கிறது?

தம்பி: அதுக்குத்தான் வர்றேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாகணும். இன்னிக்கே துணியை வெட்டியாகணும். அளவு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு.

அக்கா: ம்.

தம்பி: கம்ப்யூட்டர் செத்துப் போச்சு.

அக்கா: ...ம்.

தம்பி: பதறணும்க்கா. ஒத்திகைன்னா கொஞ்சமாவது பதறணும்.

அக்கா: ஐயோ.

தம்பி: அவ்வளவுதானா?

அக்கா: உள்ளுக்குள்ள பதறிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ மேல சொல்லு.

தம்பி: போய் ஆன் பண்ணிப் பார்க்க மாட்டியா?

அக்கா: எதுக்கு? அதான் செத்துப் போச்சுன்னு நீயே சொல்லிட்டியே. ...ஏன், நீ ஆன் பண்ணப் போறியா?

தம்பி: நானா? சேச்சே. ஒத்திகை கெட்டுப் போயிடும்.

அக்கா: கெட்டுடும், கெட்டுடும். அதை யாரும் தொட வேணாம்.

தம்பி: கிட்டவே போக வேணாம்.

அக்கா: ரெண்டாவது கேள்வியைப் படி.

தம்பி: 'தகவல்களின் பிரதிகள் எங்கெங்கே உள்ளன?' அக்கா, அந்த பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து உன்கிட்ட கொடுத்தேனே. வீட்டுல பத்திரமா வைன்னு.

அக்கா: பத்திரமா உங்க மாமாகிட்ட கொடுத்து வெச்சேன்.

தம்பி: சரி. மாமா எங்க வெச்சிருக்காரு?

அக்கா: கார்ல.

தம்பி: கார்ல எதுக்கு?

அக்கா: பாட்டு கேக்க.

தம்பி: ...எதை அழிச்சுட்டு?

அக்கா: இடம் பத்தலைன்னாரு. ஏதோ நம்பரு நம்பரா இருந்துச்சாம், யாருக்கும் வேணாம்னு எடுத்துட்டாரு.

தம்பி: முந்நூறு பேரோட இடுப்பளவுக்கா! முந்நூறு இடுப்பைத் தூக்கிப் போட்டுட்டு பாட்டு ஏத்தியிருக்காரு மனுஷன்!

அக்கா: நல்ல பாட்டுங்கதான். நானும் கேட்டேன்.

தம்பி: விடு. அதுல நர்சுங்க அளவு எப்படியும் இருந்திருக்காது, அது பழசு. அடுத்தது... மேஜை மேல இருக்கே அந்தக் கறுப்பு டப்பா, ஹார்ட் டிஸ்க்கு, அதுல...

அக்கா: அதுவும் போச்சுன்னே வெச்சுக்கோ.

தம்பி: அது ஏன் போகணும்?

அக்கா: கம்ப்யூட்டர் தலை மேலயே ஏத்தி வெச்சிருக்கே. அதுக்கு வந்தது இதுக்கு வராதா? ஒத்திகைன்னு வந்துட்டா ஒழுங்கா பண்ணணும்டா.

தம்பி: கூட்டத்துல பேசின அம்மாவும் இதையேதான் சொன்னாங்க... உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?

அக்கா: பொது அறிவு. சரி, எல்லாம் போச்சுன்னா ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்ப்போமா? அளவு எடுத்தவ நான்தானே.

தம்பி: முப்பத்தெட்டு பேருக்குமா?

அக்கா: எழுதிக்கோ. நெட்டை நர்ஸ், உயரம் நிறைய.

தம்பி: 'நிறைய'ன்னா எத்தனை இன்ச்?

அக்கா: டேப்பை வைக்க நான் ஸ்டூல் மேல ஏறினேன். அடுத்தது, சிரிச்சுக்கிட்டே இருந்த நர்ஸ்.

தம்பி: அவங்க அளவு?

அக்கா: எப்படித் தெரியும்? சிரிச்சுச் சிரிச்சு டேப்பு ஆடிக்கிட்டே இருந்துச்சு.

தம்பி: தலைமை நர்ஸ்? அவங்களாவது?

அக்கா: இடுப்பு நாற்பதுன்னு ஞாபகம்.

தம்பி: ஞாபகம்னா எப்படி? சின்னதா தைச்சா மூச்சு விட முடியாம நம்மளைத் திட்டுவாங்க. பெருசா தைச்சா 'நான் இவ்வளவு குண்டா?'ன்னு திட்டுவாங்க.

அக்கா: மூச்சு விட முடியாதவங்க சத்தமா திட்ட முடியாது. சின்னதாவே தைச்சுடலாம்.

தம்பி: திரும்பப் போய் அளவெடுக்க முடியாதா?

அக்கா: நாலு நாள்டா! பகல் ட்யூட்டி, மாலை ட்யூட்டின்னு வார்டு வார்டா துரத்தித் துரத்தி எடுத்தேன். கடைசி நாள் ஒரு நோயாளியையே நர்ஸுன்னு நினைச்சு தோளளவு எடுத்துட்டேன். 'இனிமே இன்ச் டேப்போட இந்த வாசப்படி ஏறினா, கட்டில்ல கட்டிப் போட்டு ஊசி குத்துவேன்'னு தலைமை நர்ஸ் சொல்லியிருக்காங்க. வேற வழி இருந்தா பாரு... நிஜமாவே... அதாவது, ஒத்திகைக்கு.

தம்பி: இரு... ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் வாங்கின புதுசுல ஒண்ணு போட்டு வெச்சேன். தினம் மத்தியானம் ஒரு மணிக்கு, தானாவே இன்டர்நெட்ல ஒரு காப்பி போகும்.

அக்கா: போகும்னா எங்க போகும்?

தம்பி: எங்கேயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கும்.

அக்கா: முன்ன பின்ன தெரியாதவன் வீட்டுல நம்ம நர்சுங்க இடுப்பளவு இருக்கா?

தம்பி: பூட்டித்தான்க்கா இருக்கும். பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்கும். இரு, என் போன்ல பார்க்கறேன்.

அக்கா: என்ன பாஸ்வேர்டு?

தம்பி: அது... அப்ப போட்டது...

அக்கா: அந்தப் பொண்ணு பேரா?

தம்பி: ...ஆமா.

அக்கா: வெக்கப்படாம போடு.

தம்பி: போட்டேன். தப்புங்குது. ...இன்னொரு தடவை... இதுவும் தப்பு.

அக்கா: உருகி உருகிக் காதலிச்சியே, பேரை ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு?

தம்பி: அவ பேருக்குப் பின்னாடி ஏதோ நம்பர் போட்டேன். மறந்துடுச்சு. பரவாயில்ல, மறந்துட்டா போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவான். அதைப் போட்டா திறக்கும். அனுப்பச் சொல்லியாச்சு.

அக்கா: வந்துச்சா?

தம்பி: ...வராது.

அக்கா: ஏன்?

தம்பி: அது பழைய போன் நம்பருக்குப் போயிருக்கு.

அக்கா: அந்தப் பொண்ணு கல்யாணப் பத்திரிகை அனுப்பினதும், சிம்மைக் கழட்டி கடிச்சுத் துப்பினியே, அந்த நம்பரா?

தம்பி: அதேதான்.

அக்கா: துணிப் பையில எல்லாம் அதைத்தானே அச்சடிச்சு வெச்சிருக்கோம்! பை தீரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு இன்னும் அதையேதான் கொடுத்துக்கிட்டு இருக்கேன்.

தம்பி: இப்ப அந்த நம்பர் யார்கிட்டயோ இருக்கும். போட்டுப் பார்க்கவா?

அக்கா: போடு. ஸ்பீக்கர்ல போடு.

போன்காரர்: வணக்கம். தையக்கடைதானே வேணும்? வியாழக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்.

தம்பி: ...ஹலோ?

போன்காரர்: வியாழக்கிழமைங்க. அவசரப்பட்டா தையல் பிரிஞ்சுடும்.

தம்பி: சார், நான்தான் தையக்கடை!

போன்காரர்: தையக்கடையே தையக்கடைக்கு எதுக்குப் போன் பண்ணணும்?

தம்பி: இந்த நம்பர் முன்னாடி என்னுதுங்க.

போன்காரர்: அட! நீங்கதானா அது? ஒண்ணரை வருஷமா உங்களைத்தான் தேடறேன்! நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. தினம் பத்து போன் வருது. பேண்ட் நீளமா இருக்கு, கோட்டு பிடிக்குதுன்னு. ராங் நம்பர்னு சொன்னா, 'அண்ணே விளையாடாதீங்க, பையில போட்டிருக்கே'ங்கறாங்க. கடைசியில நானே எல்லாரையும் வியாழக்கிழமை வரச் சொல்லிட்டேன்.

அக்கா: அடப்பாவி மனுஷா! அதான் வியாழக்கிழமையானா வாசல்ல வரிசை நிக்குதா? மத்த நாள் ஈ ஓட்டறேன், அன்னிக்கு மட்டும் மூச்சு விட நேரம் இல்ல!

போன்காரர்: அம்மா, எனக்கு லீவு அன்னிக்குத்தான். அன்னிக்கு யாரும் போன் பண்ணக் கூடாதுன்னு... அப்புறம் தம்பி, ஒரு பொண்ணும் பண்ணுச்சு. அழுதுக்கிட்டே 'என்னை மன்னிச்சுடு'ன்னுச்சு.

தம்பி: ...நீங்க என்ன சொன்னீங்க?

போன்காரர்: மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். நல்லா இரும்மான்னேன். தப்பா?

தம்பி: ...இல்லைங்க.

அக்கா: அதை அப்புறம் அழுதுக்கலாம். அண்ணே, இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும். அதைக் கொஞ்சம் படிங்களேன்.

போன்காரர்: ஆஹா! வந்துட்டீங்களா விஷயத்துக்கு! இந்த நம்பரை யாருக்கும் சொல்லாதேன்னு அதுலயே போட்டிருக்கு. என்னை என்ன கேணையன்னு நினைச்சீங்களா?

தம்பி: சார், சத்தியமா நாங்க மோசடிக்காரங்க இல்ல.

போன்காரர்: மோசடிக்காரன் மட்டும் 'நான் மோசடிக்காரன்'னு சொல்லிக்கிட்டா வருவான்?

அக்கா: அண்ணே, நர்சுங்க முப்பத்தெட்டு பேரு...

போன்காரர்: சரி, நிஜமாவே தையக்காரங்கன்னா ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லுங்க. இடுப்பு முப்பத்தி ரெண்டு. பேண்ட்ல உள்பக்கம் எவ்வளவு துணி விடணும்?

அக்கா: ஆளு பெருக்கற ஆளா, இளைக்கிற ஆளா?

போன்காரர்: ...அடடா. தையக்காரம்மாவேதான்! இத்தனை நாளா இது எனக்குத் தோணலையே. எல்லாருக்கும் ரெண்டு இன்ச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்.

தம்பி: சார், பத்து நிமிஷத்துல அந்த நம்பர் செல்லாமப் போயிடும்!

போன்காரர்: இருங்க தம்பி. நான் இப்ப ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிக்கிட்டிருக்கேன். உள்ள நாலு பேர் வேற மாட்டிக்கிட்டிருக்காங்க. ...என்னம்மா? ...ஆமாம்மா, அந்தத் தையக்கடைதான்... இங்க உள்ள இருந்து ஒரு அம்மா கேக்கறாங்க, கோட்டு தைப்பீங்களான்னு.

அக்கா: தைப்போம். எந்த நாள் வேணா வரச் சொல்லுங்க. வியாழக்கிழமை மட்டும் வேணாம்.

போன்காரர்: நம்பர் எழுதிக்கோங்க. ஏழு... மூணு... மூணா, எட்டா? கண்ணாடி கீழ இருக்கு.

தம்பி: ஐயோ!

போன்காரர்: பதறாதீங்க. உள்ள இருக்கிற அம்மாகிட்ட போனை நீட்டறேன், கம்பி சந்துல படிப்பாங்க. ...எட்டாம். ஏழு, எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ஆறு, ரெண்டு.

தம்பி: போட்டேன்... சுத்துது... சுத்துது...

அக்கா: கடவுளே, கடவுளே, கடவுளே.

தம்பி: திறந்துடுச்சு! அக்கா, திறந்துடுச்சு! நேத்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் எல்லாம் இருக்கு!

அக்கா: எண்ணு! நர்சுங்களை எண்ணு!

தம்பி: முப்பத்தி ஆறு... ஏழு... எட்டு. அந்த நோயாளியோட சேர்த்து முப்பத்தொன்பது!

அக்கா: தலைமை நர்ஸ் இடுப்பு?

தம்பி: நாற்பத்தாறு.

அக்கா: அம்மாடி. நாற்பதுல தைச்சிருந்தா எனக்கு ஊசிதான்.

போன்காரர்: நல்ல சேதி போல இருக்கே! அப்ப நான் லிஃப்டைப் பார்க்கவா? இவங்க ரொம்ப நேரமா கதவைத் தட்டறாங்க.

அக்கா: அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். குடும்பத்தோட வாங்க, உங்களுக்கு ஒரு சட்டை தைச்சுத் தர்றேன்.

போன்காரர்: வியாழக்கிழமை வர்றேம்மா. வெச்சுடறேன்.

தம்பி: அப்பாடா! ...அக்கா, உனக்கு எதுக்குக் கண்ணு கலங்குது? இது ஒத்திகைதானே?

அக்கா: வெறும் ஒத்திகைக்கு நீ மட்டும் எதுக்கு 'அப்பாடா'ன்னே?

தம்பி: ...அக்கா. ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

அக்கா: சொல்லு, அப்புறம் பார்க்கலாம்.

தம்பி: இது ஒத்திகை இல்ல. காலையில நீ வர்றதுக்கு முன்னாடி பட்டனை அமுக்கினேன். கம்ப்யூட்டர் அசையவே இல்ல. நிஜமாவே போச்சு.

அக்கா: ...ஓ.

தம்பி: நேத்து நீ சாப்பிடப் போனப்ப கார் ரேஸ் விளையாட்டு ஒண்ணு ஏத்தினேன். அதுதான் கொன்னுடுச்சு. நீ வார்டு வார்டா அலைஞ்சது கண்ணு முன்னாடி வந்துச்சு, சொல்ல வாய் வரல. அதான் அந்தத் தாளை எடுத்துக்கிட்டு...

அக்கா: அதுக்காக லாரியில அடிபடற வரைக்கும் போவியா?

தம்பி: மன்னிச்சுடுக்கா. என்ன வேணா தண்டனை கொடு.

அக்கா: ...முப்பத்தெட்டு யூனிஃபார்முக்கும் பட்டன் தைக்கிற வேலை உன்னுது.

தம்பி: சரி.

அக்கா: ஒரு மாசம் கடையை நீதான் பெருக்கணும்.

தம்பி: சரி.

அக்கா: மாமாகிட்ட இருந்து பென் டிரைவைப் பிடுங்கிட்டு வரணும்.

தம்பி: ...அது கொஞ்சம் கஷ்டம். சரி. முதல்ல இதை ரிப்பேர்காரன்கிட்ட தூக்கிட்டுப் போறேன். எல்லாம் என்னாலதான்னு அவன்கிட்டயே ஒத்துக்கறேன்.

அக்கா: ம், தூக்கு. ...டேய், டேய்! சாய்க்காதே! நேராப் பிடி!

தம்பி: ஏன்க்கா, உள்ள என்ன இருக்கு?

அக்கா: தண்ணிடா. நேத்து நீ கிளம்பினப்புறம் கை தவறி ஒரு ஜக்கு தண்ணியையும் அது தலையில கவுத்துட்டேன்... உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வர்ற வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தேன், அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்டே.