வாய் திறக்கிற மீனுக்குப் பசியில்லை

மேடையில் இருக்கிற பாதர் அவர்களே, எங்கள் மாதர் மீன்வளர்ப்புச் சங்கத் தலைவி றெபேக்கா அக்கா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஏறாவூரிலிருந்து வந்திருக்கிற பண்ணைக்காரர்களே, தன்னாமுனைச் சனங்களே, முன்வரிசையில் பிள்ளையின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற சுகந்தினியின் அம்மாவே! எல்லாருக்கும் இந்த எமிலியின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்னைப் பேசச் சொன்னபோது, "நான் என்னத்தக் கா பேசுற?" என்று கேட்டேன். "குளத்துக்க அவவோட நிண்டது நீதானே, அதச் சொல்லு" என்றார் றெபேக்கா அக்கா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மீன்வளர்ப்பு உத்தியோகத்தர் சுகந்தினி! அந்தப் பெரிய பெயரை நாங்கள் எப்போது சொன்னோம்? எங்களுக்கு அவர் தண்ணி மிஸ். உத்தியோகத்தர் என்றால் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்திருந்தோம். தண்ணி மிஸ் வந்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினார்.

நாங்கள் முதல்முதல் கொடுவாக் குஞ்சு விட்ட வருடம் அது. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எங்களுக்கென்றால் சந்தோசம் தாங்கவில்லை. "பாருங்கா, நம்மளக் கண்டவுடனே வாயத் திறக்குதுகள்! பசி கா, பசி!" என்றார் றெபேக்கா அக்கா. அள்ளி அள்ளித் தீனி போட்டோம்.

அப்போதுதான் மிஸ்ஸின் மோட்டார் சைக்கிள் வந்தது. தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். "அக்காமாரே, போடாதீங்க! அது சாப்பாடு கேக்கல்ல, மூச்சுக் கேக்குது!"

தண்ணீருக்குள்ளும் காற்று இருக்கிறதாம். விடியும் நேரத்தில்தான் அது ஆகக் குறைவாம். தின்னாத தீனி அழுகினால் மிச்சமிருக்கிற காற்றையும் அது குடித்துவிடுமாம். யார் சொன்னார்கள் எங்களுக்கு? எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை என் கையில் தந்தார். "முழங்கை மட்டும் கைய விடுங்க எமிலியக்கா. அங்கயே திறந்து, நிரம்பினாப்போல அங்கயே மூடுங்க. ஒரு குமிழி நிண்டாலும் போத்தல் பொய் சொல்லும்." பிறகு அதற்குள் மருந்துத் துளி விட்டு, வருகிற நிறத்தை ஒரு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மஞ்சள் வெளிறினால் காற்றுக் குறைவாம். அவர் முகம் மாறியது. "மறுகா பேசுவம். இப்ப எல்லாரும் வாளியோட இறங்குங்க!"

இறங்கினோம். தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம், அடித்தோம், கலக்கினோம். றெபேக்கா அக்கா சறுக்கித் தொப்பென்று விழுந்தார். "நல்லம் அக்கா, நீங்க விழுந்ததுலயே பாதிக் காத்து ஏறியிருக்கும்" என்றார் மிஸ். அந்த நெருக்கடியிலும் குளமே சிரித்தது. மீன் பிழைத்தது.

அன்றிலிருந்து தண்ணீர் எடுப்பது நான், நிறம் பார்ப்பது அவர். வாவியின் முகத்துவாரம் வெட்டினால் கடல் புகுந்து தண்ணீரின் உப்பு மாறும் என்று, நாங்கள் கூப்பிடாமலே வந்தவர் யார்? தண்ணி மிஸ். மாரி மழையில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் போன அன்றும் வந்தவர் யார்? தண்ணி மிஸ். எங்கள் குளத்துக்கு ஒன்றென்றால் ஓடிவந்த பிள்ளைக்கு ஒன்று வந்தபோது, நாங்கள் என்ன செய்தோம்?

டெங்குக் காய்ச்சல். டொக்டர்மார் சும்மா இருக்கவில்லை, நான் கண்ணால் கண்டேன். இரத்தம் எடுத்தார்கள், பார்த்தார்கள், திரும்பவும் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரத்தத் தட்டின் கணக்கு இறங்கித்தான் வந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார்கள். அம்மாவை முகம் கழுவ அனுப்பிவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் குழாய் இருக்க, பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, "கொஞ்சம் குடிங்க மிஸ்" என்று நீட்டினேன்.

மெல்லத் தலையை ஆட்டினார். "பசியில்ல... எமிலியக்கா."

கரண்டி கையிலேயே நின்றது. ஐயோ, எனக்கு விளங்கிவிட்டது! விளங்கி என்ன? குளமென்றால் வாளியோடு இறங்கியிருப்பேன். அந்தக் கட்டிலில் எங்கே இறங்குவது? எதை அள்ளி எதில் ஊற்றுவது?

சனங்களே, இன்று காலையும் மீன் மேலே வந்தது. பெண்களெல்லாம் இறங்கி அடித்தோம். ஏறின காற்றுக் காணுமா, இன்னும் வேணுமா என்று சொல்ல ஆளில்லை. வெயில் ஏறும்போது கொஞ்ச மீன்கள் வயிறு மேலாக வெள்ளையாய் மிதந்தன. ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறோம்.

'அவரின் பணியைத் தொடர்வோம்' என்று சொல்லி முடிக்கச் சொன்னார்கள். எப்படிச் சொல்வேன்? போத்தல் இருக்கிறது, மருந்து இருக்கிறது, அட்டையும் இருக்கிறது. எனக்குக் கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. வெளிறின மஞ்சளும் கடும் மஞ்சளும் எனக்கு ஒன்றுதான். பார்த்துச் சொல்ல அவர் இருந்ததால் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை, எங்களில் வேறு ஒருவரும் நிறம் பார்க்கப் பழகவும் இல்லை. அவரிடத்துக்குப் புது ஆள் எப்போது வருவாரோ, அதுவும் தெரியாது.

என்னால் ஏலுமானதை மட்டும் சொல்கிறேன். நாளைக்கும் விடிய முன்னமே முழங்கை மட்டும் கையை விட்டு, ஒரு குமிழி இல்லாமல் தண்ணீர் எடுத்து வைத்திருப்பேன். இந்தக் கூட்டத்தில் கண் தெரிகிற ஆராவது வாங்க. வந்து, அது என்ன நிறம் என்று எனக்குச் சொல்லுங்க.