‘உறுதி’ என்று எழுதிய மூன்று உறைகள்

ஹலோ... ஹலோ, மாப்பிள்ளையா? நான் பேசறேன்... நான்தான், உங்க பெரிய மச்சான்... ஆமா, ரெண்டு வருஷம் ஆச்சு. தெரியும்... இல்லை இல்லை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் வீட்லதான் இருக்கோம். யார் யாரா? தம்பி, தம்பி சம்சாரம், அவங்க பொண்ணு, என் வீட்டம்மா, நான். அஞ்சு பேர். அவங்க நாலு பேரும் கூடத்துல. நான் உள்ளறையில, கதவச் சாத்திக்கிட்டு... எதுக்கா? காத்து ஜாஸ்தியா இருக்கு.

சாப்பிட வந்த நேரமா? சாப்பிடுங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க, ஆனா வச்சிடாதீங்க... என்ன?... குரல் ஒண்ணும் மாறலை. தொண்டைக்கட்டு.

சரி, சுத்தி வளைக்கலை. காலைல ஒரு கடுதாசி வந்தது. பொண்ணுக்கு, காலேஜ்ல இருந்து... ம்... இல்லை. கிடைக்கலை. நாலு பெரிய காலேஜுக்கு எழுதினோம், நாலும் கையை விரிச்சுட்டாங்க. இது நாலாவது... ஆமா, தொண்ணூத்தெட்டுதான். பள்ளிக்கூடத்துலயே முதல். நான் என்ன கூட்டியா சொல்றேன்? அதே மார்க்கோட ஒரு இடத்துக்கு நூறு பேர் நிக்கறாங்களாம்... பொண்ணா? அழலை. அழுதாக்கூட தேவலை. ஜன்னல்கிட்ட உக்காந்து நத்தை பாட்டிலுக்குத் தண்ணி மாத்திக்கிட்டிருக்கா. காலைல இருந்து மூணாவது தடவை... நத்தைதான். பன்னெண்டு பாட்டில் வச்சிருக்கா, ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதி ஒட்டி. ஒரு நாள் அழுக்குத் தண்ணின்னு நினைச்சு ஒண்ணைக் கொட்டிட்டேன். ஒரு வாரம் என்கூடப் பேசலை.

சின்ன காலேஜுக்கு எழுதலையான்னுதானே கேக்கறீங்க... வர்றேன். அதுக்குத்தான் வர்றேன்.

அவளோட டீச்சரம்மா ஏழு காலேஜ் பாத்துக் குடுத்தாங்க. ஏழு மனுவும் பொண்ணே எழுதி, உறையில போட்டு என்கிட்ட குடுத்தா. நம்ம வீட்ல எந்தக் காகிதமும் என் கை படாம வெளிய போகாது, உங்களுக்குத் தெரியாததா... ஆமா, உங்க கல்யாணப் பத்திரிகைகூட. அதை விடுங்க இப்போ. நாலு உறை மேல டீச்சரம்மா சிவப்பு மையில ‘முயற்சி’ன்னு எழுதியிருந்தாங்க. மூணு உறை மேல ‘உறுதி’ன்னு... ஆமா. ஆமா, ‘உறுதி’. பத்திர ஆபீஸ்ல நான் முப்பத்தி நாலு வருஷம். அங்க ஒரு கட்டு மேல உறுதின்னு எழுதியிருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். நாடாவுல கட்டி அலமாரில ஏத்திடணும். அதுக்கப்புறம் அதைத் தொடறவனுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்...

ம்.

ம்... சிரிங்க. சிரிச்சு முடிங்க.

கட்டி வச்சுட்டேன் மாப்பிள்ளை. மூணையும். அந்த மூணு இடமும் அவளுக்குக் கிடைச்சாச்சு, இனி எழுதவே வேண்டியதில்லைன்னு நினைச்சுட்டேன். முயற்சின்னு போட்ட நாலை மட்டும் தபால்ல சேத்தேன். அவ வந்து கேட்டா, ‘பெரியப்பா, எல்லாம் முடிஞ்சதா’ன்னு. ‘முடிஞ்சது’ன்னேன். அவளுக்கு முடிஞ்சதுன்னா அனுப்பியாச்சுன்னு அர்த்தம். எனக்கு அலமாரில ஏத்தியாச்சுன்னு அர்த்தம்... டீச்சரம்மாகிட்டக் கேட்டிருக்கலாம்தான். நான் போய் ஒருத்தங்ககிட்ட ஒரு தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறதா?... சரி. சரி. கேட்டிருக்கணும். இன்னிக்குக் கேட்டேன். போன்ல. எழுதிப் போட்டா உறுதியா எடுத்துக்குவாங்கன்னுதான் அர்த்தமாம்.

அந்த மூணுல ஒண்ணு போன வாரமே மூடிட்டாங்க. இன்னொண்ணு நேத்து. மூணாவது இன்னிக்கு நாலு மணி வரைக்கும் வாங்கறாங்க.

மூணாவது உங்க காலேஜ்.

ஹலோ?... ஹலோ, இருக்கீங்களா?

...சொன்னேன். ‘அது காலேஜ் இல்லை, வண்டிக்குக் காத்திருக்கிற ரூம்’னு சொன்னேன். சாப்பாட்டு மேசைல, எல்லார் முன்னாலயும். நீங்க கை கழுவிட்டு எழுந்து போனீங்க. தங்கச்சியும் அன்னிக்குப் போனவதான்... ஞாபகம் இருக்கு. எனக்கு ஞாபகம் இல்லாமலா இத்தனை நேரமா வேர்த்துக்கிட்டு நிக்கறேன்.

தபால்ல வந்திருந்தா பரவாயில்லையாம். கடைசி நாள்ல நேர்ல கொண்டு வர்ற மனுவுக்கு அங்க வேலை பாக்கறவர் ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். ‘இந்தப் பொண்ணை எனக்குத் தெரியும், வந்தா இருந்து படிப்பா’ன்னு. உங்க கவுன்டர் அம்மாதான் சொன்னாங்க. எனக்கு அந்தக் காலேஜ்ல உங்களைத் தவிர யாரையும் தெரியாது... நூலகத்துல இருக்கிறவர் போட்டாலும் செல்லுமாம், கேட்டுட்டேன்.

...ஆமா. கேக்கறேன்... கெஞ்சறேன்னே வச்சுக்கோங்க... மாப்பிள்ளை, பேச்சு ஒரு அளவோட இருக்கட்டும். நான் வயசுல உங்களுக்குப் பத்து வருஷம் மூத்தவன். இந்த வீட்டுக்குன்னு ஒரு... ஹலோ? இல்லை இல்லை, வைக்காதீங்க. வைக்காதீங்க. தப்பு. நான் அப்படி ஆரம்பிச்சிருக்கக் கூடாது. நீங்க பேசுங்க. எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. மணி ஒண்ணு அம்பது, கொஞ்சம் வேகமாப் பேசுங்க.

ம்... ம்... வருஷா வருஷமா?... ரெண்டு பேர் மூணு பேர் இப்படி வேற கதியில்லாம வந்து, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, ஒரு மாசத்துல ஓடிடறாங்களா. ம். அந்த இடம் வீணாப் போகுது. புரியுது... நீங்க கையெழுத்துப் போட்டு ஒருத்தன் ஓடினானா? அப்ப உங்க பேருதான் கெடும். நியாயம்... இல்லை, இவ ஓட மாட்டா. எங்க போட்டாலும் படிப்பா... சரி, அது பதில் இல்லை. சந்தோஷமா இருப்பாளான்னு கேக்கறீங்க.

...தெரியலை.

நான் கேட்டதில்லை மாப்பிள்ளை. எந்தக் காலேஜ் பேரைச் சொன்னா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு எங்க பிடிக்கும்னு கேட்டதில்லை... இப்பவா? இப்ப எப்படி அவ முகத்துல முழிச்சு... இருங்க. இருங்க ஒரு நிமிஷம். உறை இங்கதான் இருக்கு. அந்தக் காலேஜ் ஏன் பிடிக்கும்னு தனக்குத் தானே ஒரு தாள் எழுதி வச்சுக்கச் சொன்னாங்களாம் டீச்சரம்மா, அதுவும் மனுவோட இருக்கு. நாடாவை அவிழ்க்கறேன். நானே போட்ட முடிச்சு, வர மாட்டேங்குது...

தம்பி, கதவத் தட்டாத. பேசிக்கிட்டிருக்கேன். நீ ஸ்கூட்டருக்கு எண்ணெய் இருக்கான்னு பாரு.

மாப்பிள்ளை, படிக்கறேன். அவ கையெழுத்து. மேல டீச்சரம்மா சொன்னதை எழுதி வச்சிருக்கா. ‘நிச்சயமாகக் கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும். ஆனால் அழுதுகொண்டே போகிற இடமாக இருக்கக் கூடாது.’ அதுக்குக் கீழ, ‘முதல் வருடத்திலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய விடுகிறார்கள். ஒரு வகுப்பில் இருபத்திரண்டு பேர். விலங்கியல் மேடம் குளத்து நத்தைகளைப் பற்றி எட்டு வருடமாக எழுதுகிறார். நான் கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் அனுப்பினார்.’... அப்படி ஒரு மேடம் இருக்காங்களா? குளத்துக்குள்ளயே நிப்பாங்களா? நல்லது. ‘பின்பக்கக் குளத்தில் நானே இறங்கிப் பார்த்தேன். ஏழு வகை இருக்கிறது.’

இறங்கிப் பாத்தாளா? எப்ப வந்தா அங்க?... உங்களுக்குத் தெரியுமா? நீங்களும் பாத்தீங்களா?... அம்மாவும் பொண்ணுமா... போன வருஷம்... அன்னிக்குப் பல் டாக்டர்கிட்டப் போறோம்னுதானே என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. திரும்பி வந்து ரெண்டு நாள் கஞ்சி வேற குடிச்சா அவங்கம்மா. என் முன்னாடி. சரியான ஆளுங்க.

இன்னும் ரெண்டு வரி இருக்கு. ‘நூலகத்தில் மாமா இருக்கிறார். எந்தப் புத்தகம் கேட்டாலும் தேடித் தருவார். ஏழில் எனக்கு இதுதான்...’

ஒண்ணுமில்லை. தொண்டைக்கட்டு.

‘...ஏழில் எனக்கு இதுதான் முதலில். பெரியப்பாவிடம் சொல்ல முடியாது.’

ம்.

இருக்கேன் மாப்பிள்ளை. கேக்குது... ஆமா, அவ கையெழுத்துதான், ஜனவரில எழுதினது. நாலு காலேஜும் கையை விரிக்கறதுக்கு முன்னாடி. வேற கதியில்லாம எழுதினது இல்லை... போடறீங்களா? போடறேன்னு சொன்னீங்களா? திரும்பச் சொல்லுங்க... சரி. சரி. சரி. தம்பி, கிளம்பு. உறையை ஜன்னல் வழியாக் குடுக்கறேன், பிடி. சட்டைக்குள்ள வச்சுக்கோ, பையில போடாத. நூலகத்து வாசல்ல மாமா நிப்பார். பொண்ணையும் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டுப் போ, அவளும் கையெழுத்துப் போடணுமாம்... என்ன பேசிக்கிட்டிருக்க இன்னும். மணி ரெண்டு. ஒன்றரை மணி நேர வழி.

மாப்பிள்ளை, கிளம்பிட்டாங்க. ரொம்ப... என்ன? யார்கிட்டக் குடுக்கறீங்க?

...நான்தான்மா. எப்படி இருக்கே?... சரி, அதெல்லாம் கேக்கலை. சொல்லு... ம்... அவர் கையெழுத்துப் போடக் கூடாதுன்னா?... ஏன்மா, அவர் இப்பத்தானே... என்ன கிழிச்சா?... அப்படியா பேச்சு அங்க வரைக்கும் வந்துடுச்சு? காலைல நடந்தது மதியத்துக்குள்ளயா.

இல்லை, நீ கோபப்படறது எனக்குப் புரியுது. உன் வீட்டுக்காரர் காலேஜ் மனுவை ‘அந்தக் காத்திருக்கிற ரூம்ல எல்லாம் நான் உக்கார மாட்டேன்’னு அவ கிழிச்சு எறிஞ்சான்னு கேட்டா யாருக்கும் எரியும்தான். நீ தூக்கி வளத்த பொண்ணு வேற... அவ சொல்லலைம்மா. கிழிக்கவும் இல்லை... எனக்கு எப்படித் தெரியும்னா... யார் கிளப்பினதுன்னா...

நான்தான்.

காலைல சித்தப்பா போன் பண்ணினார். என்னடா, ஒரு சின்ன காலேஜ்லகூடப் போடலையான்னார். என் தப்புன்னு சொல்ல மனசு வரலை. பொண்ணுக்குப் பிடிக்கலை, கிழிச்சுப் போட்டுட்டான்னு சொல்லிட்டேன்... ஆமா. அவ மேல போட்டேன்... ஆமா, பதினேழு வயசுப் பொண்ணு மேல... கூடத்துலதான் இருந்தா, காதுல விழுந்திருக்கும். பாட்டிலை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்டப் போயிட்டா... திட்டும்மா. நல்லாத் திட்டு. முதல்ல அவர்கிட்ட இதைச் சொல்லிட்டு வந்து திட்டு. வண்டி கிளம்பிப் போயாச்சு...

ஹலோ?... ம், இருக்கேன்... செருப்பு மாட்டிட்டாரா? பேனா எடுத்தாரா?... எடுத்துட்டாரா. சரி.

சரிம்மா... என்ன?... சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதா?... தபால்ல தொலைஞ்சு போச்சுன்னா? எனக்காகவா? வேண்டாம்மா. நீ சொன்னா நம்புவாங்க, அதனாலதான் வேண்டாம்... யார் கேட்டாலும் இதைச் சொல்லு. தபால்ல எதுவும் தொலையலை. பொண்ணு எதையும் கிழிக்கலை. நான் அனுப்பலை. அவ்வளவுதான்... ஆமா, என் பேரைச் சொல்லியே சொல்லு. வச்சிடறேன்.