என்னைப் பற்றிச் சரவெடி எழுதிய பாட்டு

மேடையில் வீற்றிருக்கும் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, பார்சல் கிடங்கிலிருந்து சீருடையோடே வந்திருக்கும் தோழர்களே, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் ராப் பாடகர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சரவெடியின் அக்கா அவர்களே, வணக்கம்.

நான் ஒலிப்பதிவாளன். ஸ்டூடியோக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. ஆனாலும் இன்று இந்த நினைவுக் கூட்டத்தில் பேசியே ஆக வேண்டும். சரவெடியின் கடைசிப் பாட்டு வெளிவர முடியாமல் கிடக்கிறது. அதற்குக் காரணம் நான்.

எப்பேர்ப்பட்ட கலைஞர் அவர்! பதினான்கு ஆண்டுகள், ஆறு ஆல்பங்கள். நாட்டின் மிகப் பெரிய இசை விருதை ஹிப் ஹாப்புக்காக வாங்கிய முதல் பெண். காலையில் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டு, மதியம் என் ஸ்டூடியோவுக்கு ஓடி வருவார். விரலில் ஒட்டிய டேப்பைக்கூட உரிக்காமல் மைக் முன்னால் நிற்பார். தாளத்தை ஓடவிட்டால் போதும், நாற்பது வரியைப் பிசகில்லாமல் கொட்டுவார். "இன்னொரு தடவை போவோமா?" என்று கேட்டால், "ஏன் அண்ணா, உங்களுக்குக் காது சரியா கேக்கலையா?" என்பார். அவ்வளவு வாய். அந்த வாய்க்குத்தானே விருது கொடுத்தார்கள்?

ஆனால் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவரைப் பற்றிப் பாட்டு எழுதினால், அவர் எதிரிலேயே நின்று முதலில் பாடிக் காட்டுவார். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பாட்டு அத்தோடு சரி. கிடங்கு மேற்பார்வையாளரைக் கிண்டல் செய்த பாட்டை அவர் மேசைக்கு முன்னாலேயே நின்று பாடினார். மனிதர் முகம் சிவந்து, கடைசியில் சிரித்துவிட்டு, "தொப்பையைப் பத்தி வர்ற வரிய மட்டும் எடுத்துடும்மா" என்றார். சரவெடியும் அதை எடுத்துவிட்டார். "முதுகுக்குப் பின்னால பேசறதுக்கு எதுக்கு அண்ணா மைக்கு?" என்பார் என்னிடம். இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

விருது வாங்கிய பாட்டு உங்களுக்கெல்லாம் மனப்பாடம். படிக்கத் தெரியாத அக்கா, எழுத்துகளின் உருவத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு, பதினொரு ஆண்டுகள் ஒரு பார்சல்கூட மாறாமல் ஊர்வாரியாகப் பிரித்துவைத்த கதை. தங்கை பெருமையாகத்தான் எழுதினார். ஆனால் படிக்கத் தெரியாது என்பதை அக்கா கிடங்கில் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டு ரேடியோவில் வந்த வாரமே, மேலிடத்து உத்தரவில் அவரைத் தரை கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். "என்னைக் கேக்காம எப்படிப் பாடின?" என்று தங்கையைக் கேட்டார். பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஒரே கிடங்கில் வேலை, ஒரு வார்த்தை பேச்சில்லை. விருது விழாவில் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னபோது சரவெடி மறுத்தார். ஏன் மறுத்தார் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அக்கா, அந்தப் பதிலை நான் சொல்கிறேன். பாட்டை அனுப்பியவன் நான். "அக்காகிட்ட பாடிக் காட்டற வரைக்கும் பொறுங்க அண்ணா" என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அன்று விருதுக்கு அனுப்பக் கடைசி நாள், நீங்கள் வேலையில் இருந்தீர்கள். இவ்வளவு நல்ல பாட்டை யார் வேண்டாம் என்பார்கள் என்று நானே முடிவு செய்து விருதுக்கும் ரேடியோவுக்கும் அனுப்பிவிட்டேன். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

சென்ற மாதம் ஸ்டூடியோவில் மைக் முன்னால், என் எதிரில் நின்று ஒரு புதுப் பாட்டைப் பாடினார். என்னைப் பற்றியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, என்னைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார். இது வெளியே வந்தால் எந்தப் பாடகர் என்னை நம்பிப் பாட்டைக் கொடுப்பார்? "வேண்டாம்மா" என்றேன். "சரி அண்ணா, அப்போ வேண்டாம்" என்று தாளை மடித்து வைத்துவிட்டார். பத்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். வயது முப்பத்தாறு.

மைக் முன்னால் யார் நின்றாலும் பதிவை ஓடவிடுவது என் பழக்கம். அதனால் அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. நண்பர்களே, நான் சொன்ன "வேண்டாம்" என்ற சொல்லை உங்கள் முன்னிலையில் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பாட்டில் ஒரு வரியையும் வெட்ட மாட்டேன். பாட்டில் வருகிறவர் கேட்டு ஒப்புக்கொள்ளாத எதுவும் இனி என் ஸ்டூடியோவை விட்டு வெளியே போகாது. இது உறுதி.

ஆனால் அந்தப் பாட்டில் நான் மட்டும் இல்லை, அக்கா. நீங்களும் இருக்கிறீர்கள். அதனால் இன்று இந்த மண்டபத்தில் அதைப் போட மாட்டேன். நாளை வேலை முடிந்ததும் ஸ்டூடியோவுக்கு வாருங்கள். உங்கள் தங்கை பாடுவதை முழுதாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், வெளியிடலாமா, வேண்டாமா என்று.