எத்தனை டிகிரி

எனக்கு வலது இடது குழம்பியதே இல்லை. சின்ன வயதில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறேன். கேப்டன் "இடது பத்து" என்பார். நானும் "இடது பத்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பத்து டிகிரி திருப்புவேன். வேலை அவ்வளவுதான்.

குழப்பம் கேப்டனுக்குத்தான். பதற்றம் வந்தால் கையை வலப்பக்கம் நீட்டிக்கொண்டே "இடது" என்பார். அவர் என் தங்கச்சி புருஷன். பெண்ணைக் கொடுத்துவிட்டு நானே காட்டிக்கொடுப்பேனா? வாய் சொன்னதைச் சும்மா திருப்பிச் சொல்லிவிட்டு, கை காட்டிய பக்கம் திருப்பிவிடுவேன். இறங்கியதும் தோளில் தட்டி, "நீங்க இல்லேன்னா நான் இல்ல மச்சான்" என்பார். ஒன்பது வருஷம் அப்படிப் போனது.

போன வருஷம் கப்பல் துறைமுகச் சுவரில் உரசியது. அன்றும் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். நான் சரியாகத்தான் திருப்பினேன்; அவர் சொன்னதே தாமதம். விசாரணையில் என் முகத்தைப் பார்க்காமல், "நான் இடதுன்னேன், இவர் வலது திருப்பிட்டார்" என்றார். பேச்சைப் பதிவு செய்யும் பெட்டியும் அதையே சொன்னது. ஆறு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். நம்பிக் கழுத்தைக் கொடுத்தேன், அறுத்துவிட்டார். தங்கச்சியிடம் கேட்டதற்கு, "அவர் வேலை போனா நான் என்னண்ணே பண்ணுவேன்?" என்றாள். அதுதான் அதிகம் வலித்தது.

திரும்பச் சேர்ந்தபோது, சொன்னதை மட்டும் செய்வேன் என்று எழுதி வாங்கினார்கள். வாங்கியவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, நல்ல வெயில். கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ஐந்து பேர் சின்னப் படகொன்றில் எங்களுக்கு இடப்பக்கம் இருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். கேப்டனின் கை வலப்பக்கம் நீண்டது. வாய் "இடது இருபது" என்றது.

"இடது இருபது" என்றேன், பதிவில் தெளிவாக விழும்படி. திருப்பினேன்.

அப்புறம்தான் அவர் "வலது, வலது" என்று கத்தினார். எண் சொல்லாத உத்தரவை நாங்கள் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அது விதி. "வலது எத்தனை டிகிரி, சார்?" என்றேன். "ஐயோ மச்சான்" என்றார். மறுபடியும் கேட்டேன். எண்ணே சொல்லவில்லை.

ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வருத்தம்தான். கேப்டன் வாயைத் திறக்கும் முன்பே படகை நான் பார்த்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. பெட்டியைப் போட்டுக் கேளுங்கள். என் குரல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது பாருங்கள். கொலைகாரன் குரல் அப்படியா இருக்கும்?