கொட்டகையில் சிலைடு போட்ட கன்னியப்பன் ஆசிரியருக்குப் பணி நிறைவு வாழ்த்து மடல்

அறிவின் வாசலே! அஞ்சாத நெஞ்சே! முப்பத்து மூன்று ஆண்டுகள் சாக்பீஸையும் வேதப்புத்தகத்தையும் ஒரே கையில் ஏந்திய பெருந்தகையே! சாமுவேல் கன்னியப்பன் அவர்களே, வணக்கம்!

தங்கள் பொறுமையையும் புலமையையும் போற்றும் வரிகளைச் சபைக் கமிட்டியினர் எழுதித் தந்தார்கள். அவை உண்மையே. ஆனால் 1974-இல் நடந்ததை விட்டுவிடச் சொன்னார்கள். விடமாட்டோம். இந்த அவை அறியச் சொல்கிறோம்.

சினிமாப் படம் பார்ப்பவருக்குக் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை என்பது அந்நாளில் நம் சபையின் கட்டுப்பாடு. ஞாயிறுதோறும் பிரசங்கமும் செய்துவந்த கன்னியப்பன் ஆசிரியரோ, "ஊரே கொட்டகையில கீது. நான் காலிப் பெஞ்சுக்கா பிரசங்கம் பண்றது?" என்று மானாம்பதி டூரிங் டாக்கீஸுக்கு நடந்தார். பீடி விளம்பரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் நடுவே தம் கைப்பட எழுதிய கண்ணாடி சிலைடை இடைவேளையில் போட வைத்தார்: "மனம் நொந்தவர்களே, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேதக்கோயிலுக்கு வாருங்கள்."

நாற்பது பேர் வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கொட்டகையில் முறுக்கு விற்கும் பாஞ்சாலிதான் கேட்டாள்:

"டிக்கெட்டு எங்க சார் குடுக்கறாங்க? தரையா, பெஞ்சா?"

சிரிப்பதற்கில்லை. நம் கோயிலும் அப்படித்தானே இருந்தது? பெயர் பொறித்த பெஞ்சுகள் பழைய குடும்பங்களுக்கு, பாய் மற்றவர்களுக்கு. அவர் முதல் பெஞ்சைக் காட்டினார்.

"டிக்கெட்டு இல்லம்மா. அங்க போய்க் குந்து."

"யாராச்சும் எழுப்பினா?"

"என்னை வந்து எழுப்பச் சொல்லு."

மறுநாளே புகார் போயிற்று. தவறு செய்தேன் என்று எழுதிக் கொடு, இல்லையேல் பள்ளியை விட்டுப் போ என்றது கமிட்டி. கல்யாண வயதில் இரண்டு பெண்களை வைத்திருந்தவர் பேனாவைத் திறந்தார். தாம் எழுதினால் பாஞ்சாலி உட்கார்ந்ததும் தவறாகிவிடுமே என்று தோன்றியது. பேனாவை மூடினார்.

ஏழு மாதம் வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தைத்தார். பாஞ்சாலியையும் மற்றவர்களையும் பாய்க்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் வந்து அவரும் அவர்களோடு பாயில் அமர்ந்தார். யாரிடமும் ஒரு சொல் முறையிடவில்லை.

அந்த முதல் பெஞ்சு எங்கள் குடும்பத்தினுடையது. புகாரின் முதல் கையெழுத்து, இம்மடலை எழுதும் முத்துவேலுடையது. இதை மறைப்பதுதான் குலத்துக்கு இழுக்கு, சொல்வது அல்ல. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவருக்கு எதிரே பெஞ்சில் உட்காரக் கூசி, எட்டாம் மாதம் புகாரைத் திரும்பப் பெற்றோம்; அவர் பள்ளிக்குத் திரும்பினார். உறவினர் பலர் முகம் திருப்பினர். திருப்பட்டும் என்று விட்டோம். அவர் நன்றி சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பெஞ்சருகே வந்து, "கொஞ்சம் நகருங்க சார், பாஞ்சாலியும் குந்தட்டும்" என்றார்.

நகர்ந்தோம்.

பெருந்தகையே! இம்மடல் சட்டமிடப்பட்டுப் பள்ளிச் சுவரில் தொங்கும். பிடிக்காதவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துக் கழற்றட்டும். தாங்கள் கண் மங்காமல், கால் தளராமல், எவர்முன்னும் தலை தாழாமல் நெடுநாள் வாழ்க!

இவண்,
ஆபிரகாம் முத்துவேல், தலைமையாசிரியர்,
உடன் பணியாற்றும் ஆசிரியர்கள்,
உத்திரமேரூர் வட்டம், 1985